ஹீரானும் ஷெபெல்லே ஆறும்

அவைத் தலைவர் அவர்களே, இந்தச் சொற்பொழிவு வரிசையைத் தளராமல் நடத்திவரும் நூலகச் செயலாளர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய பேராசிரியை அவர்கள் ஆப்பிரிக்கக் கொம்பின் வரலாற்றைத் தெளிவாக விளக்கி என் பணியைப் பாதியாக்கிவிட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி. சோமாலியாவின் ஹீரான் மாகாணத்தைப் பற்றி நிலம், அரசியல், வெள்ளம் என்னும் மூன்று தலைப்புகளில் பேச விழைகிறேன்.

ஹீரான், எத்தியோப்பிய எல்லையை ஒட்டிய வறண்ட பூமி. அதை வாழவைப்பது ஷெபெல்லே ஆறு. எத்தியோப்பிய மலைகளில் பிறக்கும் அந்த ஆறு, மாகாணத் தலைநகர் பெலெட்வெய்னேயின் நடுவே ஓடி, புலோபர்டேயைக் கடந்து, நாட்டின் தலைநகர் மொகதிசு அருகே கடலை நெருங்கியும் அதில் கலவாமல் தென்மேற்கே திரும்பி, பெரும்பாலான ஆண்டுகளில் சதுப்பு நிலத்திலேயே அடங்கிவிடுகிறது. பெலெட்வெய்னேயில் மழையே இல்லாத நாளிலும் அங்கே வெள்ளம் வரலாம். மலையில் பெய்த மழை சில நாள் கழித்துத்தான் ஊரை எட்டும். வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னார்களே, அதற்குரிய அவகாசத்தை இயற்கையே அவ்வூருக்கு அளித்திருக்கிறது.

அந்த ஊரில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர்தான் சோமாலியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஏடன் அப்துல்லா உஸ்மான். 1967இல் நாடாளுமன்றம் அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது, முன்பு தம்மிடம் பிரதமராக இருந்த அப்திரஷீத் அலி ஷெர்மார்க்கேயிடம் அவர் தோற்றார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றில் பதவியைப் பிடித்தவர்கள் அதை விட மறுத்த காலம் அது. இவரோ தீர்ப்பை ஏற்று, ஆட்சியை அமைதியாக ஒப்படைத்தார். பின்னர் அவர் வாழ்ந்தது எங்கே தெரியுமா? இதே ஷெபெல்லே ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஜனாலேயிலுள்ள தம் பண்ணையில்! 1990இல், எண்பது வயதைக் கடந்த நிலையிலும், இராணுவ ஆட்சியாளர் சியாத் பர்ரேயின் ஆட்சியைக் கண்டித்த அறிக்கையில் கையெழுத்திட்டுச் சிறை சென்றார். 2007இல் அவர் மறைந்தார். மொகதிசு விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1991இல் நடுவண் அரசு சரிந்தது. 2011 டிசம்பர் 31 அன்று எத்தியோப்பியப் படையும் சோமாலிய அரசுப் படையும் பெலெட்வெய்னேயை அல்-ஷபாப் என்னும் ஆயுதமேந்திய தீவிரவாத இயக்கத்திடமிருந்து மீட்டன. 2016இல் ஹீரானும் பக்கத்து மாகாணமான நடு ஷெபெல்லேயும் இணைந்து ஹிர்ஷெபெல்லே மாநிலமாயின. மாநிலத் தலைநகரம் நடு ஷெபெல்லேயிலுள்ள ஜோஹருக்குப் போனது ஹீரான் மக்கள் பலருக்கு இன்றும் மனக்குறை. 2022இல் கைலி கட்டிய ஊர்மக்களே துப்பாக்கி ஏந்தி அல்-ஷபாபை எதிர்த்து எழுந்தார்கள்.

அத்தகைய மக்களை ஆறு விடவில்லை. 2018, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் வெள்ளம். தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்த கொடும் வறட்சிக்குப் பின், 2023 மே மாதத்தில் மீண்டும் வெள்ளம் புகுந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசல் இழந்து வெளியேறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் அதே துயரம். வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும், அன்பர்களே! கோடையில் நீரின்றித் தவிக்கும் உழவர்கள் பாசனத்துக்காகக் கரையை வெட்டுகிறார்கள்; மழைக்காலத்தில் அந்த வெட்டின் வழியாகவே ஆறு உள்ளே பாய்கிறது. அவர்களைக் குறைசொல்வது முறையன்று. கரையில் கதவுடன் கூடிய மதகு இருந்தால் யார் மண்வெட்டியை எடுப்பார்கள்? ஆற்றுநீர் பற்றி இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லாததும் பெருங்குறையே.

வெள்ள நிவாரணத்துக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, ஏப்ரல் மழை தொடங்குமுன்பே மதகுகளுக்கும் கரைகளுக்கும் செலவிட வேண்டும் என்று உதவி நிறுவனங்களைக் கோரும் விண்ணப்பம் வாசலருகே மேசையில் இருக்கிறது. பொறியாளர் பெருமக்கள் முதலில் கையொப்பமிட்டு, மதகின் அமைப்பு குறித்த தங்கள் கருத்துகளையும் அதில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.