மூன்று நிமிட மௌனம்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க.

கோபிப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவன் நான். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தேன் என்றால், "மோர்ஸ் எவ்வளவு வேகமாகத் தட்டுவீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். புள்ளியும் கோடுமாகச் சேதியைத் தட்டுவது பழகினால் வந்துவிடும். எங்களுக்குச் சம்பளம் கொடுத்ததே காது கொடுத்துக் கேட்பதற்குத்தான்.

கப்பல்கள் ஒன்றையொன்று கூப்பிடவும், ஆபத்தில் உதவி கேட்கவும் 500 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசை. எந்நேரமும் சந்தைக்கடை இரைச்சல். அதனால் ரேடியோ அறைக் கடிகாரத்தின் முகத்திலேயே 15 முதல் 18 வரையும், 45 முதல் 48 வரையும் சிவப்புத் தீட்டியிருப்பார்கள். நிமிட முள் அதற்குள் நுழைந்தால், ஆபத்தில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் மோர்ஸ் தட்டும் சாவியைத் தொடக் கூடாது. எங்கோ பேட்டரி இறங்கிப்போன படகிலிருந்து மெல்லிசாக ஒரு எஸ்ஓஎஸ் வந்தால், அது அப்போதாவது காதில் விழ வேண்டும். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்திருப்போம். தூரத்து மின்னலின் கரகரப்புதான் கேட்கும். அப்புறம், ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுவோம்.

இதன் அருமை தெரிய 1912ஐப் பார்க்க வேண்டும். டைட்டானிக் மூழ்கிய இரவு, பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் வேலை முடித்துப் படுத்துவிட்டார். உதவிக்கு வந்த கார்பேதியா கப்பலின் ஆபரேட்டர் ஹெரால்ட் காட்டம் படுக்கப்போகும் நேரத்திலும் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தார். 700க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தது அதனால்தான். கலிபோர்னியன்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே ஆள் எத்தனை மணி நேரம் விழித்திருப்பார்? அதற்குப் பிறகுதான் இரவு பகலாகக் கேட்க ஆள் வேண்டும் என்ற விதியெல்லாம் வந்தது. ஒற்றை ஆபீசர் உள்ள கப்பலில், அவர் தூங்கும்போது காவலுக்கு ஆட்டோ அலாரம். நான்கு நொடி நீளமுள்ள கோடுகள், ஒரு நொடி இடைவெளியில் பன்னிரண்டு அனுப்புவார்கள். அதில் மூன்று நான்கு அடுத்தடுத்துச் சரியாக வந்தாலே மணி அடிக்கும். இடி மின்னலுக்கும் சில இரவு அடித்துவிடும். ஓடிப்போய்க் கேட்டே ஆக வேண்டும்.

ஒவ்வொருவர் தட்டுவதிலும் ஒரு கைவாகு உண்டு. சென்னிமலைத் தறிக்காரர் சத்தத்தை வைத்தே இழை அறுந்ததைச் சொல்வதுபோல, அழைப்புக்குறி வருமுன்பே எதிர்முனையில் இருப்பது யாரென்று தெரிந்துவிடும்.

வீட்டுச் சேதியும் எங்கள் வழியாகத்தான். கப்பல்களோடு பேசும் கரை நிலையமான மெட்ராஸ் ரேடியோ தந்தியை அனுப்பும். நாங்கள் எழுதி எடுப்போம். குழந்தை பிறந்ததோ, தகப்பனார் தவறியதோ, சம்பந்தப்பட்டவருக்கு முன்பே நமக்குத் தெரியும். வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது உறுதிமொழி. துக்கச் செய்தியை ஒருவர் கையில் கொடுக்கப் படியிறங்கி இயந்திர அறைக்குப் போவதைவிடக் கடினமான வேலை எனக்கு வாய்த்ததில்லை.

1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் ஏற்பாடு முழுதாக நடைமுறைக்கு வந்தது. கப்பலில் மோர்ஸ் தேவையில்லை என்றாகிவிட்டது. உயிர் காக்க அதுவே மேல், சந்தேகமில்லை. ஆனால் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் மோர்ஸை விடவில்லை. இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடினால் கேட்கலாம். கற்க ஆசைப்படும் பிள்ளைகள் புள்ளியையும் கோட்டையும் தாளில் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் நாளிலிருந்தே ஓசையாகக் காதில் வாங்குங்கள்.