குழாயடி வரிசை, நடுக்கடலில்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் மொரிசியஸ் தீவுக்கு வடக்கே, செஷல்சுக்குப் போகும் வழியில், சாயா டி மால்ஹா என்றொரு கடல்திட்டு இருக்கிறது. கரையே கிடையாது. நீருக்கடியில் கடற்புல் படர்ந்த பெரிய மேடு. அதன் கடலடித் தளத்தை மொரிசியசும் செஷல்சும் 2012 ஒப்பந்தப்படி கூட்டாக நிர்வகிக்கின்றன. 2018 மே மாதம் ‘டாக்டர் ஃபிரித்ஜாஃப் நான்சென்’ கப்பல் ஐ.நா. கொடியோடு அங்கே ஆய்வுக்குப் போனது. இத்தகைய பயணங்களில் படமெடுப்பதெல்லாம் மீனையும் பவளத்தையும்தான். கப்பலில் இருப்பவர்கள் அடித்துக்கொள்வது, ஆய்வுக்காகக் கடலின் பல ஆழங்களிலிருந்து பிடித்துவரும் தண்ணீருக்காக!

அதைப் பிடிக்கக் கடலில் இறக்குவது ஒரு வட்டமான உலோகச் சட்டம்; அதில் 12 அல்லது 24 நீளக் குப்பிகள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 10 லிட்டர் கொள்ளும். கூடவே உப்பு, வெப்பம், அழுத்தம் அளக்கும் கருவி. குப்பிகளின் இரு முனையும் திறந்த நிலையில்தான் இறக்கவேண்டும். மூடியபடி காற்றோடு இறங்கினால் நசுங்கிவிடும். 1000 மீட்டரில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் சுமார் நூறு மடங்கு. முதலில் 10 மீட்டரில் ஓரிரு நிமிடம் நிறுத்தி, கருவியின் பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் இறக்கம்.

நீர் பிடிப்பது ஏறும்போது. ஏறுகிற சட்டம் கீழ்நீரையும் தன்னோடு இழுத்துவரும். அதனால் வேண்டிய ஆழத்தில் அரை நிமிடமாவது நிறுத்திவிட்டுத்தான் குப்பியை மூடச்சொல்லிக் கணினியிலிருந்து கட்டளை போகும். அவசரப்பட்டால் 500 மீட்டர் என்று எழுதிய குப்பியில் இருப்பது வேறு நீர்.

சட்டம் கப்பல் தளத்துக்கு வந்ததும் முதல் வேலை கசிவுச் சோதனை. மேலே காற்றுத் திருகை மூடியபடியே கீழ்க்குழாயைத் திறக்கவேண்டும். ஓரிரு சொட்டோடு நின்றால் சரி. விடாமல் ஒழுகினால் ரப்பர் வளையத்தில் உப்புத்துகளோ மயிரிழையோ மாட்டியிருக்கும். அந்தக் குப்பியை நம்பக்கூடாது.

அடுத்து வரிசை. பல நாட்டுக்காரர்கள், ஒரே குழாய். நம் தெருக்குழாயடிதான், நேயர்களே! யார் எப்போது பிடிக்கலாம் என்று பார்க்கவே பட்டியலோடு ஓர் ஆள் நிற்பார். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க நீர் எடுப்பவருக்கே முதலிடம். குப்பியில் நீர் குறையக் குறைய உள்ளே காற்று புகுந்து கணக்கைக் கெடுக்கும். ரப்பர் குழாயைக் கண்ணாடிக் குடுவையின் அடிவரை விட்டு, குமிழி வராமல் நிரப்பி, குடுவைக் கொள்ளளவில் மூன்று மடங்காவது வழியவிடுவார். உடனே, ஆக்சிஜனைப் பிடித்துவைக்க, மாங்கனீசுக் கரைசல், கார அயோடைடு. மூடிக் குலுக்கினால் பழுப்பு மண்டி படியும். கடுகளவு குமிழி தங்கினாலும் அந்தக் குடுவை வீண்.

பிறகு கரியமில வாயு, சத்துப்பொருள், உப்பு ஆகியவற்றை அளப்பவர்கள். பச்சையம் எடுப்பவர் கடைசி என்றாலும் அசட்டையாக நிற்கமுடியாது. பச்சையம் உள்ள நுண்பாசிகள் குப்பியில் குழாய்வாய்க்குக் கீழே படிந்துவிடும்.

உப்புக்கான சீசாவை அதே நீரால் மூன்று முறை அலசி, கழுத்தைத் துடைத்து மூடவேண்டும். சட்டத்துக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று சரிபார்ப்பது இதைவைத்துத்தான். கழுத்தில் காய்ந்த உப்பு உள்ளே விழுந்தால் நல்ல கருவிமேல் பழி விழும். அமோனியா பார்க்கும் நாளில் அந்தப் பக்கம் சிகரெட் பிடிப்பவரைப் பட்டியல்காரர் விரட்டிவிடுவார்; புகையில் உள்ள அமோனியாவே மாதிரியில் ஏறிவிடும்.