முந்தானையில் முடிந்த திறப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

முதியவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் வைத்தியரும் இல்லை, சமூக சேவை அலுவலரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் அம்மாவைக் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து முதியோர் இல்லத்தில் சேர்த்தவள். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. மகள் கல்யாணம் முடித்தால் வீட்டை அவள் பேரில் எழுதிவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் பின்பக்கமாக ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். ஒதுங்கினாலும் கிணறு ஒன்றுதான், மீன்காரனைக் கூப்பிடுகிற குரலும் ஒன்றுதான். அதனால், தாயை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி இங்கே முதலில் மகளிடம்தான் வரும்.

அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் நான் இருக்கிறேன். அம்மா இல்லத்தில் இருக்கிறார். இதை நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது.

அப்பா காலமான பிறகு அம்மா வெள்ளவத்தையில் தம்பி வீட்டுக்குப் போனார். பேரப்பிள்ளைகளைப் பார்க்கத்தான் போனார். பதினாலு வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். எண்பத்தொரு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடந்தார். ஆனால் அதற்கு முன்பே தொடங்கியிருந்த மறதி கூடிவிட்டது. அந்த நேரம்தான் தம்பி குடும்பத்துக்கு வெளிநாடு போக விசா வந்தது. இங்கே என் வீட்டில் கணவர் பாரிசவாதத்தில் படுக்கையில். இரவில் இரண்டு பேரைத் தூக்கித் திருப்ப என்னால் முடியாது. முயன்று பார்க்கவில்லையே என்று இப்போதும் யாராவது கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கட்டணம் கட்டிச் சேர்க்கும் இல்லங்கள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான் இருக்கின்றன. தம்பியும் மச்சாளும் இரண்டைப் போய்ப் பார்த்தார்கள். சுத்தம், வெளிச்சம், எல்லாம் நல்லதுதான். ஆனால் பராமரிப்பவர்கள் எல்லோரும் சிங்களத்தில் பேசுகிறவர்கள். அம்மாவுக்கு முன்பு கடைக்குப் போய் வருகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். மறதி வந்தால், பிற்காலத்தில் படித்த மொழிதான் பெரும்பாலும் முதலில் போகும். அம்மாவுக்கும் அப்படித்தான் போனது. இரவில் தண்ணீர் வேண்டுமென்றால் எந்த மொழியில் கேட்பார்? அதைவிட, ரயிலில் முழுப் பகலோ முழு இரவோ எடுக்கும் ஊரில் அம்மாவை வைத்துவிட்டு நான் எத்தனை தரம் போய்ப் பார்ப்பேன்? போய்ப் பார்க்கிற ஆள் எங்கே இருக்கிறாரோ அதற்குப் பக்கத்தில்தான் இல்லம் இருக்க வேண்டும். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. தரையில் பளிங்கு போட்டிருக்கிறதா என்று அப்புறம் பார்க்கலாம்.

சரி, பயணம். வான் வண்டியில் மூன்று பேர் இருக்கிற ஆசனத்தை அம்மாவுக்கென்றே விட்டு, தலையணை அணைத்து, விடியற்காலை நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்தி சாய்ந்தால் அம்மாவுக்குத் தடுமாற்றம் கூடும். ஆகவே வெயில் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் பண்ணினோம். குளிசைகளும் கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் என் கைப்பையில். பெட்டிக்குள் வைத்தால் தேவையான நேரம் எடுக்க முடியாது. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, இறக்கி, நாலு அடி நடக்க வைத்தோம்.

வழி நெடுக அம்மாவின் விரல்கள் முந்தானை முடிச்சிலேயே இருந்தன. அவிழ்ப்பதும் முடிவதுமாக. அதற்குள் ஒரு சின்னப் பித்தளைத் திறப்பு. கல்லடியில் எங்கள் வீட்டில் நிற்கிற முதிரை அலுமாரியின் திறப்பு. 1978 நவம்பர் 23 இரவு, சூறாவளியில் ஓடெல்லாம் பறந்தபோது, அந்த அலுமாரியோடு ஒட்டிக்கொண்டுதான் அம்மா எங்களை அணைத்துக்கொண்டு இருந்தார். வெள்ளவத்தையில் இருந்த பதினாலு வருஷமும் அந்தத் திறப்பை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

வாழைச்சேனை தாண்டியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். செங்கலடி, ஏறாவூர். பெயர்ப்பலகைகளைச் சின்னப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஏனென்றால் வெளிக்கிடும்போது நாங்கள் அம்மாவிடம் சொன்னது, “வீட்டுக்குப் போறம்” என்பதுதான்.

கல்லடிப் பாலத்துக்குப் போகிற பக்கம் திரும்பாமல் வான் மற்றப் பக்கம் கிறுகியது. அம்மா என் கையைப் பிடித்தார்.

“பாலத்தால போகல்லியா புள்ள?”

நான் பதில் சொல்லவில்லை. தம்பிதான், “மறுகா போவம் அம்மா” என்றான்.

இல்லத்துப் பொறுப்பாளர் நல்ல மனுசி. அம்மாவைத் தன் தாயைப் போலத்தான் கையைப் பிடித்து இறக்கினார். ஆனாலும் அம்மா பன்னிரண்டு நாள் பெட்டியைத் திறக்க விடவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் முகம் கழுவி, சேலையை மாற்றி, பெட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வான் வரும் என்று. நான் போகிறபோதெல்லாம், “வெளிக்கிடுவமா?” என்பார். நானும் ஏதேதோ சொல்லிவிட்டு வருவேன்.

மறதிக்காரருக்கு எதையும் சொல்லத் தேவையில்லை, சொன்னாலும் நிற்காது என்று சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சொன்ன சொல் நிற்கவில்லைதான். ஏமாந்தது மட்டும் நின்றது. என்ன நடந்தது என்று தெரியாமலேயே என்னை நம்பாமல் பார்க்கத் தொடங்கினார். பதின்மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: “அம்மா, இது நம்மட வீடு இல்ல. இங்கதான் நீங்க இருக்கப் போறீங்க. வீட்டில என்னால ரெண்டு பேரையும் பார்க்க ஏலாது. நான் கிழமையில மூணு நாள் வருவன்.” அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவருக்குச் சாப்பாடு தீத்தினியா?” என்று என் கணவரைப் பற்றிக் கேட்டார்.

அடுத்த நாள் மறந்துவிட்டார். மறுபடி சொன்னேன். பல நாள் சொன்னேன். எத்தனையாவது தரமோ, பெட்டியைத் தானே கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

விழுந்து எழும்பிய முதல் மாதத்திலேயே, நல்ல தெளிவான காலை நேரங்களில், அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். எங்கே இருக்கப் பிரியம், யாரோடு, எதை விட முடியாது என்று. கேட்டிருந்தால் அந்தத் திறப்பைப் பற்றி அப்போதே தெரிந்திருக்கும். பிள்ளைகள் நாங்கள் தொலைபேசியில் பேசிப் பேசி எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டு, கடைசியாகத்தான் அவருக்குச் சொன்னோம். அதுவும் பொய்யைச் சொன்னோம்.

இன்னும் சில காரியங்கள். அப்பாவின் ஓய்வூதியம் அம்மாவுக்கு வருகிறது. வருஷாவருஷம் உயிரோடு இருக்கிறார் என்று உறுதிப்படுத்த வேண்டும். பிரதேச செயலகம் மாறும்போது அந்தப் பதிவையும் மாற்ற வேண்டும். கிளினிக்கையும் அப்படித்தான். புதிய இடத்தில் குளிசை கிடைக்கும்வரை ஒரு மாதத்துக்குக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்தைப் பார்க்கப் போனால் பகலில் மட்டும் போகாதீர்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், கழிவறையில் பிடித்து எழும்பக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது சொல்கிறது. கைவிடப்பட்டவர்கள் பராமரிப்புச் சபையிடம் கேட்டுப் பணம் பெற்றுக்கொள்ளலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போனால் வழி காட்டுவார். நல்ல சட்டம். அதில் பணம் வாங்கலாம், பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லி யாருக்கும் கட்டளை போட முடியாது. தொலைவில் இருக்கிற பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். என் தம்பியும் மாதம் தவறாமல் அனுப்புகிறான். அதோடு ஒரு நாளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் எடுங்கள். அம்மாவுக்கு யார் பேசுகிறார்கள் என்று அயத்துப் போகும். குரல் பிடிபடும்.

இப்போது போயா நாளில் என் மகனுக்கு வேலை இல்லை. தகப்பனை அவன் பார்த்துக்கொள்ள, நான் முச்சக்கர வண்டியில் போய் அம்மாவைக் கூட்டி வருகிறேன். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் அம்மா ஒவ்வொரு தரமும் கேட்பார், “இது எந்தப் பாலம்?” என்று. அவர் கொழும்புக்குப் போகும்போது 1924இல் கட்டிய இரும்புப் பாலம்தான் இருந்தது. இப்போது நாங்கள் போவது புதுப் பாலத்தில். பக்கத்தில் நிற்கிற அந்தப் பழையதைக் கை காட்டுவேன். ஓம், அதுதான், என்று தலையாட்டுவார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டைக் கேட்பதில்லை. நேரே அறைக்குள் போவார். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திறப்பை எடுப்பார். கை நடுங்கும், திறப்பு துளைக்குள் போகாது. நாங்கள் யாரும் வாங்கித் திறந்து கொடுப்பதில்லை. கதவடியில் நின்றுகொண்டிருப்போம். ஐந்து நிமிஷமும் எடுக்கும், பத்து நிமிஷமும் எடுக்கும். பிறகு அந்தப் பழைய கதவு கிறீச்சென்று திறக்கிற சத்தம் கேட்கும்.