ஏலம் முடிந்தது, பணம் எங்கே?

வணக்கம், நேயர்களே.

ஏலம் என்றதும் நம் காதில் கேட்பது "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்ற குரல்தான். மூன்றாவது தரம் சொல்லிச் சுத்தியல் விழும்போது, கேட்டவர் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பார். பல இடங்களில் முன்பணமும் கட்டியிருப்பார். இணைய ஏலத்தில் சுத்தியலும் இல்லை, ஆளும் இல்லை. கடிகாரம் பூஜ்யத்துக்கு வரும், திரையில் ஒரு பயனர் பெயர் நிற்கும். அவ்வளவுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் நீங்கள் எழுதிவைத்த கட்டண நிபந்தனையைப் படித்தாரா, படித்தும் கண்டுகொள்ளாமல் விட்டாரா, ஆரம்பத்திலிருந்தே பணம் தரும் எண்ணம் இல்லாதவரா என்று உங்களுக்குத் தெரியாது. இன்று அந்த மூன்று பேரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் இணைய ஏலத்தில் விற்கிறவன். இதைத் தொழில் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பொழுதுபோக்கு என்று சொல்லலாமென்றால், எந்தப் பொழுதுபோக்கும் இவ்வளவு தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

முதலில் ஓர் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டாத ஆள் உங்களுக்கு மட்டும் வாய்த்தவர் இல்லை. 2009 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் இரண்டு வெண்கலத் தலைகள் வந்தன, ஒன்று எலி, மற்றது முயல். 1860-ல் பெய்ஜிங்கின் பழைய கோடைக்கால அரண்மனையிலிருந்து கொள்ளை போனவை. சாய் மிங்சாவ் என்ற சீன சேகரிப்பாளர் தொலைபேசியில் கேட்டு, கமிஷனோடு சேர்த்து 3 கோடி யூரோவுக்கும் மேல் விலைக்கு இரண்டையும் எடுத்தார். சில நாள் கழித்துச் செய்தியாளர்களைக் கூப்பிட்டு, "பணம் தரமாட்டேன்" என்று அறிவித்தார். எங்களிடமிருந்து பறித்துப்போன பொருளுக்கு நாங்கள் எதற்குப் பணம் தரவேண்டும் என்பது அவர் பக்கத்து நியாயம். அதை நான் இங்கே எடைபோட வரவில்லை. அத்தனை பெரிய ஏல நிறுவனத்துக்கே இப்படி நடக்கும்போது, ஒரு பழைய கேமராவுக்கு நடக்காதா என்றுதான் சொல்ல வந்தேன்.

என் கதைக்கு வருகிறேன். ஒருமுறை மடிப்புக் கேமரா ஒன்றை ஏலத்துக்கு விட்டேன். "வங்கிப் பரிமாற்றம் மட்டும், மூன்று நாளுக்குள். காசோலை ஏற்பதில்லை" என்று விவரக்குறிப்பில் எழுதியிருந்தேன். ஏலம் முடிந்தது. எடுத்தவரிடமிருந்து ஒரு செய்தி: "செக்கைத் தபாலில் போட்டுவிட்டேன். கேமராவை அனுப்பிவிடுங்கள்." எனக்குத் தலைக்கேறிவிட்டது. நான்கு பத்தியில் ஒரு பதில் எழுதினேன். படிக்கத் தெரியாதா என்று நேராகக் கேட்கவில்லை. ஆனால் அதே பொருள்தான். அவர் அதற்கு ஒரே வரியில் கேட்டார்: "ஐயா, நீங்கள் சொல்வது எங்கே எழுதியிருக்கிறது?"

கோபத்தோடு என் கைப்பேசியிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு படங்களைத் தள்ளி, லென்ஸில் பூஞ்சை இல்லை என்ற என் பெருமையைத் தள்ளி, தபால் செலவைத் தள்ளி, அடியோ அடியில் கிடந்தது என் நிபந்தனை. அதைப் பார்ப்பதற்குள் விரலே வலித்துவிடும். அவர் பார்க்காததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வயதானவர், காசோலையில் பழகியவர் என்று அப்புறம் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். காசோலை வந்து, வங்கியில் பாஸ் ஆகி, சில வாரமும் கழியட்டும், பிறகு அனுப்புகிறேன் என்றேன். சரி என்றார். கதை அங்கே முடிந்தது.

அன்றிலிருந்து என் நிபந்தனை விவரக்குறிப்பின் முதல் இரண்டு வரியில் இருக்கிறது. எந்த வழியில் பணம், எத்தனை நாளுக்குள், எப்போது பொருள் கிளம்பும் என்ற மூன்றும் அதிலே அடங்கிவிடும். "ஒழுங்காகப் பணம் கட்டாதவர்கள் தயவுசெய்து ஏலம் கேட்காதீர்கள்" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பார்த்து ஓடுகிறவர் நல்ல வாடிக்கையாளர்தான். வம்புக்காரர் அதைப் படிப்பதே இல்லை.

இதில் சட்டமும் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1789-ல் பெய்ன் எதிர் கேவ் என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. ஏலம் கேட்பது வெறும் முன்மொழிவு, சுத்தியல் விழுவதுதான் சம்மதம், அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம் என்று அது சொன்னது. பல நாட்டு விற்பனைச் சட்டங்களில் இந்தக் கருத்து இன்றும் இருக்கிறது. இணையத் தளங்கள் ஏலத்தின் நடுவில் பின்வாங்குவதற்குத் தங்கள் சொந்தக் கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றன, அது வேறு. நமக்கு இதிலிருந்து வேண்டியது இவ்வளவுதான்: சுத்தியல் விழும் முன் எல்லோர் கண்ணிலும் பட்டது நிபந்தனை, விழுந்தபின் நீங்கள் சேர்ப்பது வேண்டுகோள். ஏலம் முடிந்ததும் "கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம்" என்று செய்தி அனுப்பிவிட்டு, வாங்கியவர் அதை மதிக்கவில்லை என்று புலம்புகிற விற்பனையாளர்களை எனக்குத் தெரியும். மீறியவர் அங்கே வாங்கியவர் இல்லை. அதேபோல, தளமே கார்டை ஏற்கும்போது "ரொக்கம் மட்டும்" என்று நீங்கள் தனியாக எழுதிவைத்தால் அது செல்லாது. தளத்தின் விதிக்கு உள்ளேதான் உங்கள் விதி.

காசோலைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான சங்கதி. 1995-ல் பியர் ஓமிட்யார் தொடங்கிய ஆக்‌ஷன்வெப் என்ற தளம்தான் பிறகு ஈபே ஆனது. அந்தக் காலத்தில் ஏலத்தை வென்றவர் காசோலையோ மணியார்டரோ தபாலில் அனுப்புவார். அது வந்தபின் பொருள் கிளம்பும். பின்னால் இணையத்தில் பணம் அனுப்பும் சேவையான பேபால் வந்தது, 2002-ல் ஈபே அதை வாங்கியது. 2008-ல் அமெரிக்கத் தளத்தில் காசோலைக்கும் மணியார்டருக்கும் பெரும்பாலும் கதவை மூடிவிட்டார்கள். ஆனால் விதி மாறிய வேகத்தில் மனிதர்கள் மாறுவதில்லை. பழைய வழக்கத்தில் பணம் அனுப்புகிறவர் உங்களை அவமதிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இரண்டாவது ஆளுக்கு வருவோம். இவர் படித்தவர், புரிந்தவர். "அடுத்த மாதம் தரட்டுமா", "பாதி இப்போது, பாதி பொருள் வந்தபின்", "இன்னொன்றும் எடுக்கிறேன், சேர்த்துக் கட்டுகிறேன்" என்று ஆழம் பார்ப்பார். இவருக்கு ஒரே ஒரு செய்தி போதும். அதையும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசிய பேச்சு, பிறகு தகராறு வந்தால் தளத்தின் கண்ணில் படாது. நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். ஏலத்தில் எடுத்ததற்கு நன்றி. விவரக்குறிப்பில் சொன்னபடி வெள்ளிக்கிழமைக்குள் பணம் வந்தால் சனிக்கிழமை பொருளை அனுப்புகிறேன். வெள்ளிக்குள் முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று வரை பணமோ பதிலோ வராவிட்டால் விற்பனையை ரத்து செய்வேன்."

கிழமை இருக்கிறது, விளைவு இருக்கிறது, திட்டு இல்லை. இதில் கடினமான வேலை, சனிக்கிழமை காலையில் சொன்னதைச் செய்வது. ஈபேயில் வாங்கியவருக்கு 4 நாள் அவகாசம் உண்டு. அது கழிந்ததும் விற்பவர் ரத்து செய்யலாம். ரத்து செய்யும்போது காரணம் கேட்கும். "வாங்கியவர் பணம் கட்டவில்லை" என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள். எதற்கு வம்பு என்று "பொருள் கைவசம் இல்லை" என்று போட்டால், அந்தக் கறை உங்கள் கணக்கில் ஏறும். அவர் கணக்கு சுத்தமாக இருக்கும். அடுத்த விற்பனையாளருக்கும் அவர் யாரென்று தெரியாமல் போய்விடும்.

அவகாசம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். சம்பளத் தேதி தள்ளிப்போகும், வங்கிக் கணக்கு முடங்கும், வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். தேதியில் நான் தளர்வேன். பணம் வரும் வழியிலும், அது சமமாக உறுதியான வழியாக இருந்தால், தளர்வேன். பணம் கைக்கு வரும் முன் பொருளை மட்டும் அனுப்பவே மாட்டேன். இது என் பிடிவாதம் இல்லை. விலை வந்துசேராதவரை பொருளைக் கையில் வைத்துக்கொள்ள விற்றவருக்கு உரிமை உண்டு என்று விற்பனைச் சட்டங்களே சொல்கின்றன. கையை விட்டுப் போனதும் அந்த உரிமையும் போய்விடுகிறது.

மூன்றாவது ஆளிடம் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் இவரை நாம் வரவேற்போம். முதல் ஆள் முணுமுணுப்பார், இரண்டாமவர் இழுத்தடிப்பார். இந்த மூன்றாமவரோ தேனாகப் பேசுவார். பேரம் பேசமாட்டார். பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கமாட்டார். லென்ஸில் கீறல் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் ஒருவர் பழைய கேமரா வாங்கினால் எனக்கு உள்ளே மணி அடிக்கும். அவருக்கு ஒரே ஒரு குறை உண்டு: அவசரம். மருமகனுக்குப் பிறந்தநாள், நாளையே அனுப்ப வேண்டும், பணம் இதோ போட்டாயிற்று என்பார்.

அந்தப் பணம் எந்த உருவத்தில் வருகிறது என்று பாருங்கள். சில சமயம் ஒரு திரைப்பிடிப்பு: "பரிமாற்றம் வெற்றி" என்று பச்சை நிறத்தில். அதைத் தயாரிக்க ஐந்து நிமிடம் போதும். சில சமயம் பணப் பரிமாற்ற நிறுவனத்திடமிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல்: உங்கள் பணம் எங்களிடம் இருக்கிறது, கூரியர் எண்ணைத் தந்ததும் விடுவிப்போம் என்று. அந்த மின்னஞ்சலை அப்படியே நம்பிவிடாதீர்கள். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே உங்கள் கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். இருந்தால் இருக்கிறது.

சில சமயம் விலையைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை வரும். நூறு கேட்ட இடத்தில் முந்நூறு. தவறுதலாக எழுதிவிட்டேன், மீதி இருநூறை என் கூரியர்காரருக்கு அனுப்பிவிடுங்கள் என்பார். உங்கள் வங்கி ஓரிரு நாளில் தொகையைக் கணக்கில் காட்டிவிடும், நீங்களும் நம்பி அனுப்புவீர்கள். போலிக் காசோலை என்று தெரியவரச் சில வாரம்கூட ஆகலாம். அப்போது முந்நூறையும் வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய இருநூறு போனது போனதுதான், கேமராவும் போயிருக்கும். கூடுதலாகப் பணம் வந்தால் எனக்கு ஒரே வழிதான்: காசோலையை அப்படியே திருப்பி அனுப்பு, மீதி கொடுக்காதே.

இன்னொரு தந்திரம் பணம் உண்மையாகவே வந்தபின் நடப்பது. இணையத்தில் பணம் கட்டிவிட்டு, "என் தம்பி நேரில் வந்து வாங்கிக்கொள்வான்" என்பார். தம்பி வருவார், வாங்குவார், போவார். பத்து நாள் கழித்து, பொருள் வரவேயில்லை என்று புகார் போகும். கூரியர் ரசீது உங்களிடம் இல்லை, பரிமாற்றத்தில் உள்ள முகவரியில் சேர்த்ததற்கான சான்றும் இல்லை. பேபால் போன்றவை தரும் விற்பனையாளர் பாதுகாப்பு அந்தச் சான்றைத்தான் கேட்கிறது. நேரில் வருகிறவர் நேரிலேயே ரொக்கம் தரட்டும். முகவரியை மாற்றச் சொன்னால், விற்பனையை ரத்து செய்து புதிய முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் முணுமுணுத்தாலும் செய்துவிடுவார்.

பின்னூட்டம், அதாவது விற்றவரும் வாங்கியவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் தளத்தில் எழுதும் கருத்து, அதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்கியவருக்கு எதிர்மறைப் பின்னூட்டம் போட முடியாது. "மோசடிக்காரர்" என்று எழுதிப் பழிதீர்க்கும் வழி அங்கே அடைபட்டுவிட்டது. அது நல்லதற்குத்தான் என்று நினைக்கிறேன்; ராத்திரி பதினொரு மணிக்கு நான் எழுதியிருக்கக்கூடிய சிலவற்றை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. முறைப்படி ரத்து செய்துவிட்டு, அந்தப் பயனரைத் தடைப் பட்டியலில் போட்டால் போதும்.

அப்புறம், நம்மில் பலர் யோசிக்காத ஒரு விஷயம். பணம் கட்டாதவர் போய்விட்டார். இரண்டாவதாக வந்தவருக்குப் பொருளைக் கொடுக்கலாம் என்று தளமே வழி வைத்திருக்கிறது. ஆனால் எந்த விலைக்கு? ஒரு கணக்குப் பாருங்கள். ஒருவர் நாற்பது வரை கேட்டார், இன்னொருவர் எழுபது வரை, ஓடிப்போனவர் நூறு வரை. தளத்தின் கணக்கில் இரண்டாமவரின் விலை எழுபது. ஓடிப்போனவர் வராமலே இருந்திருந்தால் அவர் நாற்பதுக்குச் சற்று மேலேயே ஜெயித்திருப்பார். எழுபது வரை அவரை இழுத்தது ஒரு பொய்க் குரல். நீங்களே வேறு பெயரில் ஏற்றிவிட்டீர்களோ என்றுகூட அவருக்குத் தோன்றும். தோன்றினால் தப்பும் இல்லை.

நான் இரண்டாமவரிடம் எழுபது கேட்பதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுப் புதிதாக ஏலம் விடுகிறேன், இல்லாவிட்டால் நாற்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே ஒரு நிலையான விலை வைத்து, உடனே பணம் கட்டினால்தான் வாங்க முடியும் என்ற அமைப்பில் போடுகிறேன். போன மாதம் ஒரு லென்ஸை அப்படித்தான் விற்றேன். அவர் விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. லென்ஸின் பின்மூடி அசலா, பிறகு மாற்றியதா என்று மட்டும் கேட்டார். மாற்றியதுதான் என்றேன். ஒரு மணி நேரத்தில் பணம் வந்துவிட்டது.

நன்றி, வணக்கம்.