மனம் சொல்லும் அந்த ஒரு வரி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எதையாவது தொடங்கும் முன்பே, "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்குமே, அந்தக் குரலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நண்பருக்கு ஒரு செய்தி அனுப்புகிறோம். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிகிறது, பதில் இல்லை. உடனே மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது: "என்னைத் தவிர்க்கிறார்." அவர் வேலையில் மூழ்கியிருக்கலாம், உடம்பு முடியாமல் படுத்திருக்கலாம். அதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றவே தோன்றாது. பத்துப் பேர் பாராட்டி ஒருவர் முகம் சுளித்தால், இரவு படுக்கையில் அந்த ஒருவர் முகம்தான் கண்முன் நிற்கும். இது உங்கள் ஒருவருடைய பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லதைவிடக் கெட்டது மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்பதை உளவியலாளர்கள் பலவிதமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, இதற்கு நமக்குக் கிடைக்கும் அறிவுரை என்ன? "அதையெல்லாம் நினைக்காதே, நல்லதையே நினை." சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் நினைக்காமல் இருப்பது அவ்வளவு சுலபமா? 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் சிலரை அழைத்து, ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முன்பு அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. கரடிக்கே இப்படி என்றால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணத்தை அடக்கினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆரோன் பெக் என்று ஒரு மனநல மருத்துவர், அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தவர். 1921இல் பிறந்து 2021இல், நூறு வயதில் மறைந்தார். இளம் மருத்துவராக இருந்தபோது, நோயாளியைப் படுக்கவைத்து மனத்தில் வருவதையெல்லாம் சொல்லச்சொல்லும் பழைய முறையைத்தான் அவரும் பின்பற்றினார். ஒருமுறை ஒரு பெண்மணி தன் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார், கூடவே பதற்றமும் தெரிந்தது. சொல்லும் விஷயம்தான் அவரைப் பதறவைக்கிறது, குற்ற உணர்ச்சி என்று மருத்துவர் விளக்கம் சொன்னார். அந்தப் பெண்மணி சொன்ன பதில் வேறு. தன் பேச்சு மருத்துவருக்குச் சலிப்பூட்டுகிறதோ என்றுதான் அவருக்குப் பயம்! எப்போதுமே இப்படித் தோன்றுமா என்று கேட்டால், ஆமாம், யாரிடம் பேசினாலும் தோன்றும் என்றார்.

கவனியுங்கள். வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது; அதே நேரத்தில் உள்ளே வேறொரு வரி ஓடிக்கொண்டிருக்கிறது. பதற்றம் வந்தது அந்த உள்வரியிலிருந்து. மற்ற நோயாளிகளிடமும் இதையே அவர் கண்டார். தானாகத் தோன்றும் எண்ணங்கள் என்று அவற்றைக் குறிப்பிட்டார். இன்று உலகம் முழுவதும் மனச்சோர்வுக்குத் தரப்படும் பேச்சுச் சிகிச்சைகளில் முக்கியமான ஒன்று, இதிலிருந்து வளர்ந்தது.

நான் யாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அந்த வரியைப் பிடியுங்கள். சொல்லுக்குச் சொல் பிடியுங்கள். "மனசு சரியில்லை" என்பது அந்த வரி ஆகாது. மனசு சரியில்லாமல் போவதற்கு ஒரு நொடி முன்னால் உள்ளே என்ன ஓடியது? "மறுபடியும் சொதப்பிவிட்டேன்" என்றா? "இவர்கள் என்னை மதிப்பதில்லை" என்றா? அதை ஒரு தாளில் எழுதுங்கள். தலைக்குள் இருக்கும்வரை அது உண்மை மாதிரியே ஒலிக்கும். தாளில் வந்துவிட்டால், இதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று கேட்க முடிகிறது.

சிலர் "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்று இரவெல்லாம் தங்களையே குடைந்துகொண்டிருப்பார்கள். தன்னை அறிவதாக அவர்களுக்குத் தோன்றும். ஆனால் சோர்வை அப்படியே அசைபோடுவது சோர்வை நீட்டிக்கவே செய்கிறது. "ஏன்" என்பதை விட்டு, "என்ன நினைத்தேன், எப்போது நினைத்தேன், அப்போது யார் எதிரே இருந்தார்கள்" என்று கேளுங்கள். இப்படிச் சில வாரம் எழுதினால் ஒரே வரி வேறுவேறு வேடத்தில் வருவது தெரியும். அதற்கு அடியில் பழைய விதி ஒன்று இருக்கும்: "எல்லோருக்கும் பிடித்தால்தான் எனக்கு மதிப்பு" என்பதுபோல. சின்ன வயதில் நாமே அறியாமல் ஏற்றுக்கொண்ட விதி. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், இது இன்னும் எனக்கு வேண்டுமா என்று கேட்கவே முடியும்.

நேரம் ஆகிவிட்டது என்று எதிரே சைகை காட்டுகிறார்கள். முயலாமலே விட்டுவிடும் மனநிலையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன்; சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். 1960களில் அவரும் சக ஆய்வாளர் ஸ்டீவன் மேயரும், தப்பிக்க வழியில்லாத துன்பத்தில் அகப்பட்ட விலங்குகள் பிறகு வழி இருந்தும் முயலாததைக் கண்டு, முயலாமை கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார்கள். 2016இல் அவர்கள் இருவருமே அதைத் திருத்தினார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்குவது இயல்பாகவே வருவது, "என்னால் ஏதாவது செய்ய முடியும்" என்பதைத்தான் கற்றுக்கொள்கிறோம் என்றார்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் நீடித்தால், தூக்கமோ பசியோ கெட்டால், உயிரை விடலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், தாளும் பேனாவும் போதாது. அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். நன்றி, வணக்கம்.