வாசல் வழியா வாங்க

எல்லாருக்கும் வணக்கம். இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல நிறைய பேர் ஆராய்ச்சி பண்றவங்க, அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன். ஒதுக்கப்பட்ட ஜனங்ககிட்ட ஆராய்ச்சிக்குப் போறப்போ, அவங்க நம்பற உள்ளூர்க்காரரோட எப்படிச் சேர்ந்து வேலை செய்யணுங்கறதுதான் இன்னைக்குப் பேச்சு.

1932ல அமெரிக்காவுல, அலபாமா மாநிலத்துல டஸ்கிகீங்கிற ஊரை ஒட்டி அரசாங்க சுகாதாரத் துறையே ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சுது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் அடுத்தவங்க நிலத்துல பயிர் வைக்கிற ஏழைங்க, அதுல 399 பேருக்கு சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய். என்ன நோய்னே அவங்ககிட்ட சொல்லல, "கெட்ட ரத்தம்"னு மட்டும் சொன்னாங்க. 1940கள்ல பெனிசிலின் வந்துடுச்சு, ஊசி போட்டா குணமாகும்னு தெரிஞ்சும் போடல, நோய் கடைசி வரைக்கும் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டே இருந்தாங்க. 1972ல பத்திரிகையில வெளிய வந்ததுக்கு அப்புறம்தான் நிறுத்தினாங்க. 40 வருஷம்!

இதை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா அந்த 40 வருஷமும் அவ்வளவு பேரு ஏன் தொடர்ந்து வந்தாங்கன்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா? யூனிஸ் ரிவர்ஸ்னு ஒரு நர்ஸ். அவங்களும் கறுப்பினப் பெண், அந்தப் பக்கத்து ஜனங்களோட பழகினவங்க, தன் கார்லயே கூட்டிட்டுப் போய் கொண்டுவந்து விடுவாங்க, வீட்டுல யாருக்கு என்னன்னு விசாரிப்பாங்க. செத்ததுக்கு அப்புறம் உடம்பை அறுத்துப் பாக்க குடும்பம் சம்மதிச்சா அடக்கச் செலவைக் குடுத்தாங்க, அந்த சம்மதத்தை வாங்கினதும் பெரும்பாலும் இந்த நர்ஸ்தான். டாக்டருங்க மாறிட்டே இருந்தாங்க, மாறாம இருந்தது அவங்க ஒருத்தர்தான்.

அதனாலதான், "நம்பிக்கையான உள்ளூர் பார்ட்னரைப் பிடிங்க, ஜனங்க தானா வருவாங்க"ன்னு யாராவது சொன்னா எனக்குப் பயமா இருக்கு. டஸ்கிகீலயும் அப்படி ஒருத்தர் இருந்தாங்களே. ஆனா எதை ஆராயணும், எதைச் சொல்லணும், எப்ப நிறுத்தணும்னு முடிவு பண்ற இடத்துல அவங்களுக்கு நாற்காலி போடல.

அதுக்காக இந்த ஜனங்களை விட்டுட்டு ஆராய்ச்சி பண்ணலாமான்னா, அதுவும் ஆபத்துதான். விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டரையே எடுத்துக்கோங்க. 2020ல வந்த ஒரு ஆய்வுல, மெஷின் ஆக்ஸிஜன் அளவை 92ல இருந்து 96 சதவீதம் வரைக்கும் காட்டினப்போ ரத்தத்தை எடுத்து நேரா பாத்தாங்க. நிஜத்துல 88க்கும் கீழ இருந்தது வெள்ளைக்கார நோயாளிகள்ல 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகள்ல 11.7 சதவீதம். கறுத்த தோல் உள்ளவங்ககிட்ட போதுமான அளவு சோதிக்காமலே எத்தனையோ வருஷமா ஆஸ்பத்திரிகள்ல நம்பிட்டு இருந்த மெஷின் அது.

சரி, உருப்படியா எப்படிப் பண்றது? எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு 2018ல வந்தது, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கறுப்பின மக்கள் போற முடிதிருத்தும் கடைகள், 52 கடை, பிபி எகிறிக் கிடக்கிற 319 ஆண்கள். ஆஸ்பத்திரி பக்கமே போகாதவங்க கூட முடிவெட்ட வந்துதானே ஆகணும், அதுவும் வருஷக்கணக்கா ஒரே ஆள்கிட்ட. ஒரு பாதி கடைகள்ல முடிவெட்டுறவர் "உப்பைக் குறைங்க, டாக்டரைப் பாருங்க"ன்னு சொன்னார். இன்னொரு பாதியில பார்மசிஸ்ட்டே கடைக்கு வந்து, டாக்டரோட ஒப்பந்தம் போட்டுக்கிட்டு, அங்கயே பிபி பாத்து மருந்து எழுதிக் குடுத்து கவனிச்சாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா, முதல் வகையில மேல் பிபி சராசரியா 9 பாயிண்ட் இறங்கியிருக்கு, ரெண்டாவதுல 27. கவனிங்க, நம்பிக்கை ரெண்டு பக்கமும் இருந்துச்சு, முடிவெட்டுறவர் ரெண்டு பக்கமும் பேசினார். ஆனா ஒரு பக்கம் அவர் பேச்சுக்குப் பின்னாடி மருந்தும் ஆளும் வந்து நின்னுச்சு, இன்னொரு பக்கம் வெறும் அறிவுரை. உள்ளூர்க்காரர் தன் பேரை அடகு வச்சுதான் நமக்காகப் பேசறார், நாம வெறுங்கையோட போய் நின்னா அவர் பேரும் சேர்ந்து போயிடும்.

பேர் போறதுன்னா என்னன்னு ஹவசுபாய் ஜனங்களைக் கேக்கணும். அமெரிக்காவுல கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு உள்ள வாழற சின்ன பழங்குடி, சர்க்கரை நோய் ஏன் இவ்வளவு வருதுன்னு தெரிஞ்சா போதும்னு 1990ல இருந்து ரத்தம் குடுத்தாங்க. வருஷக்கணக்கா அவங்களோட பழகின ஒரு பேராசிரியர் மூலமாத்தான் அந்த ஆராய்ச்சி அங்க போச்சு. 2003ல அந்த இனத்துப் பெண் ஒருத்தர் அந்த ஆராய்ச்சி பண்ணின யுனிவர்சிட்டில ஒரு முனைவர் பட்ட வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) போய் உக்காந்திருக்காங்க, தங்களோட ரத்தத்தை வச்சு வேற எதையோ பேசறாங்களேன்னு எழுந்து, இதுக்கு அனுமதி வாங்கினீங்களான்னு கேட்டுட்டாங்க. தோண்டிப் பாத்தா மனநோய் ஆராய்ச்சிக்கும் போயிருக்கு, இவங்க முன்னோர் ஆசியாவுல இருந்து வந்தாங்கன்னு சொல்றதுக்கும் போயிருக்கு. அந்தப் பள்ளத்தாக்குலயே பிறந்தவங்க நாங்கன்னு நம்பற ஜனங்க அவங்க. கேஸ் நடந்து 2010ல யுனிவர்சிட்டி தரப்புல 7 லட்சம் டாலர் குடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் குடுத்தாங்க.

அதனால நான் கேக்கறது இதுதான். பார்ட்னரைக் கேள்வியை முடிவு பண்றப்பவே கூப்பிடுங்க, ஃபார்ம் அடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் இல்ல. பட்ஜெட்ல அவங்க நேரத்துக்குக் காசு போடுங்க, "சேவை மனப்பான்மை"ன்னு சொல்லித் தப்பிக்காதீங்க, நமக்கு சம்பளம் வருதுல்ல. எடுத்த சாம்பிளை வேற எதுக்காவது தொடணும்னா திரும்பப் போய் கேளுங்க. அவங்க வேண்டாம்னா நின்னுடணும், இது ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும், ஃபண்ட் குடுத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு வயித்தைக் கலக்கும். ஆனா "வேண்டாம்"னு சொல்ல முடியாதவரைப் பார்ட்னர்னு எப்படிக் கூப்பிடறது?

தென்னாப்பிரிக்காவுல சான்ங்கிற பழங்குடி மக்கள் 2017ல தாங்களே ஆராய்ச்சிக்கு ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டாங்க. எங்க கவுன்சில்கிட்ட முதல்ல வாங்க, புரியற மாதிரி பேசுங்க, சொன்ன வாக்கைக் காப்பாத்துங்க, வெளியிடறதுக்கு முன்னாடி எங்ககிட்ட காட்டுங்கன்னு கேக்கறாங்க. அவங்க தலைவர்கள் சொன்னதோட சாரம் என்னன்னா, ஜன்னல் வழியா வராதீங்க, வாசல் வழியா வாங்க. கதவைச் சாத்திடறோம்னு சொல்லல பாருங்க. இவ்வளவு நடந்ததுக்கு அப்புறமும் வாங்கன்னுதான் சொல்றாங்க.

கேள்வி இருந்தா கேளுங்க, பதில் சொல்றேன்.