படியின் தலைமாட்டில் நிற்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆடி அமாவாசை நெருங்குகிறது. ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் என்று நம் கரையெங்கும் வெளியூர்ச் சனம் வந்து இறங்கும். கடலில் முங்கப் போகிறவர்களும், முங்கி எழுந்து ஈரத்துணியோடு திரும்புகிறவர்களும் ஒரே படியில் எதிரெதிரே வருவார்கள். அந்தப் படியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சமதரையில் நெருக்கம் கூடினால் அரை அடி, கால் அடி என்று நடையைச் சுருக்கி நகரலாம். படியில் அது முடியாது. வைத்தால் முழுப் படி, இல்லையென்றால் நிற்க வேண்டும். சமதரையில் நொடிக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர் நடப்பவர், படியில் அதில் பாதி வேகத்தில்தான் போவார். அதனால் பாதை கொண்டுவந்து சேர்க்கும் கூட்டத்தை, அதே அகலமுள்ள படியால் வாங்கிக்கொள்ள முடியாது. இறங்குகிறவர் பாடு இன்னும் சிரமம். முன்னால் ஆள் ஒட்டி நின்றால், தன் கால் எங்கே படுகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

விபத்து நடந்தால் 'முண்டியடித்தார்கள்' என்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை. பின்னால் வருகிறவருக்கு முன்னால் நடப்பது தெரியவே தெரியாது. 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தில், மழைக்கு ஒதுங்கியவர்கள் நடைமேம்பாலப் படியை அடைத்து நின்றார்கள். ரயில்களோ ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தன. நெரிசலில் 23 பேர் இறந்துபோனார்கள். 1943 மார்ச் 3 இரவு லண்டன் பெத்னல் கிரீனில், விமானத் தாக்குதலுக்குப் பயந்து சுரங்க ரயில் நிலையத்துக்குள் சனம் இறங்கியது. வெளிச்சம் போதாத படி, நடுவில் கைப்பிடி கிடையாது. கீழ்ப்படிக்குப் பக்கத்தில் ஒரு பெண் தடுக்கி விழுந்தார். மேலே இருந்தவர்கள் அது தெரியாமல் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். 173 பேர் இறந்தார்கள். அங்கே அன்று குண்டு விழவே இல்லை! இப்படிப்பட்ட நெரிசலில் பெரும்பாலானோர் சாவது மூச்சு முட்டித்தான். நெஞ்சு விரிய இடம் இருக்காது.

சரி, நாம் என்ன செய்கிறோம்? படி ஏறி முடித்ததும் அங்கேயே நின்றுவிடுகிறோம். செருப்பைத் தேடுகிறோம், வேட்டியைப் பிழிகிறோம், பின்னால் வரும் அப்பத்தாவுக்காகக் காத்திருக்கிறோம். அன்பினால்தான் நிற்கிறோம், ஆனால் அந்த நாலு பேர் நிற்பதால் கீழே நானூறு பேர் தேங்குகிறார்கள். பத்தடி தள்ளிப்போய் நில்லுங்கள், அப்பத்தா வந்து சேர்ந்துவிடுவார். வயசானவர்களைக் கைப்பிடி ஓரமாக விடுங்கள். சின்னப் பிள்ளைகளை இறக்கி விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். நெரிசலில் எது விழுந்தாலும் குனிந்து எடுக்க வேண்டாம். இறுக்கம் வந்தால் இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏற ஒரு பக்கம், இறங்க ஒரு பக்கம் என்று நடுவில் தடுப்புக் கட்டுங்கள். கூட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், படிக்கு வருவதற்கு முன்பே, தரையில் நிறுத்துங்கள். அகலமான படி என்றால் நடுவிலும் ஒரு கைப்பிடி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.